ஏழு மலைக்கும் ஒரு தோள்பை

வெள்ளியங்கிரி ஏறப் போகிறேன் என்று கோயமுத்தூரில் யாரிடம் சொன்னாலும், "கம்பு வாங்கிக்குங்க, மறந்துராதீங்க" என்பார்கள். மூங்கில் கம்பு அடிவாரத்திலேயே கிடைக்கும். அதற்காக முந்தின நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யோசிக்க வேண்டிய சங்கதி ஒன்றே ஒன்றுதான்: பையில் என்ன தீனி? மலையேற்றத்தில் எனக்குப் பாதி இன்பம் அந்தப் பையைக் கட்டுவதில் இருக்கிறது. மீதிப் பாதி அதை அவிழ்ப்பதில். ஏறுவதும் இறங்குவதும் நடுவில் எப்படியோ நடந்துவிடுகின்றன.

பூண்டி வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயிலில் தொடங்கி, ஏழாவது மலையில் குகைக்குள் இருக்கும் சுயம்பு லிங்கம் வரைக்கும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஆறுதானே என்று கீழே நின்று சொல்பவர்களுக்கு முதல் மலையின் கற்படிகளே பதில் சொல்லிவிடும். உச்சி 6,000 அடியை ஒட்டிய உயரம். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை ஏற விடுகிறது. அதாவது கொங்கு நாட்டின் கொளுத்தும் கோடையில். அதனால் பெரும்பாலோர் ராத்திரியில் ஏறுகிறார்கள். முதல் இரண்டு மலையில் சட்டையைப் பிழிந்தால் வியர்வை சொட்டும். ஆறாவது மலையில் காற்று வந்து பற்களைக் கிட்டவைக்கும். ஒரே ராத்திரியில் இரண்டு பருவத்தையும் கடக்கப்போகும் தின்பண்டம் கீழே உருகக் கூடாது, மேலே கல்லாகிவிடக் கூடாது. (பிறக்கும்போதே கல்லாகப் பிறந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

அடிவாரத்துச் சோதனையிலேயே பாதிப் பைகள் காலியாகிவிடும். பிளாஸ்டிக் உறையோடு எதையும் மேலே விடமாட்டார்கள். பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பிரித்து, உள்ளே இருப்பதைக் காகிதத்தில் கொட்டிக் கையில் கொடுப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொள்வார்கள்; இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். வரிசையில் முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கோ இந்தச் சோதனையைக் கண்டால் அப்படி ஒரு குஷி! 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை வந்தது. அந்தத் தடை நிஜமாகவே வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வந்து நிற்க வேண்டும். உறை போனதும் கடைத் தீனியின் கம்பீரமெல்லாம் போய்விடுகிறது. காகிதத்தில் விழுந்த சிப்ஸ் இரண்டாவது மலைக்குள் நமுத்துப்போகும். கிரீம் பிஸ்கட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு எனர்ஜி பாரும் உறை இழந்தால் சாதாரண மாவுக்கட்டிதான். ஆனால் வாழையிலை, துணிப்பை, எவர்சில்வர் டப்பா இந்த மூன்றுக்குள் அடங்கும் நம் பழைய பண்டங்கள் சோதனைச் சாவடியைத் தலை நிமிர்ந்து தாண்டும்.

அவற்றில் முதல் மரியாதை பொருள்விளங்கா உருண்டைக்கு. என்னைக் கேட்டால் உலகத்தில் மலையேறுவதற்கென்று இதைவிடச் சிறந்த பண்டம் செய்யப்படவில்லை. இதில் பேரம் பேச நான் தயாரில்லை. புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கோதுமை, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் தனித்தனியாக வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, மாவாக அரைத்து, அதில் சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு, நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல்லும் வேர்க்கடலையும் சேர்த்து, கெட்டிப் பதத்தில் வெல்லப்பாகு ஊற்றி, சூடு பொறுக்கமாட்டாமல் உள்ளங்கை சிவக்கச் சிவக்கப் பிடிப்பது. எங்கள் அம்மாயி பிடிக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பாகு ஆறினால் உருண்டை உதிர்ந்துவிடும் என்பதுதான் காரணம். ஆனால் அந்த அமைதியில் ஒரு பூசையின் களை இருக்கும்.

அது ஆறிய பிறகு, கடித்துப் பார்ப்பவரின் பல்லுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதுதான் அதன் பெருமையே. படியேறும்போது கடகடவென்று மென்று விழுங்கும் எதுவும் மூச்சைக் கெடுக்கும். உருண்டையை உடைத்து ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வாய் மூடியிருக்கும், மூக்கால் மூச்சு வரும், வெல்லம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கும். முதலில் இனிப்பு, கொஞ்சம் பொறுத்து வறுத்த பருப்பின் வாசம், எதிர்பாராத ஒரு நொடியில் சுக்கு வந்து தொண்டையைக் கிள்ளும், தேங்காய்ப் பல் ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம். நீண்ட நேரம் உடலை வருத்துகிறவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளையாட்டு உணவியல் சொல்கிறது. எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்றிலேயே அதன் கீழ் வரம்பு ஏறக்குறைய வந்துவிடும். அதுவும் சீராக, அவசரமில்லாமல். இதையெல்லாம் கணக்குப் போட்டா அம்மாயி உருட்டினார்? இல்லை. ஆனால் மலைப்பாதையில் பீமன் களியுருண்டை என்றே ஒரு பாறை இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவர் நிச்சயம் என் கட்சி.

பசித்த பிறகு சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள்தான் மூன்றாவது மலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் மொத்தமே 400, 500 கிராம்தான். கலோரியில் சொன்னால் 2,000-க்குள். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 400, 500 கலோரி கரையலாம். தூக்கமில்லாத ராத்திரியில் ஐந்தாறு மணி நேரம் ஏறுகிறவருக்கு அந்தக் கையிருப்பு எத்தனை தூரம் வரும்? அது தீரும்போது கால் துவளும், கண் இருட்டும், கூட வந்தவர்மேல் காரணமில்லாமல் எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் முதல் அறிகுறி. என்னோடு ஏறுகிறவர் யாராவது "இன்னும் எத்தனை தூரம்டா?" என்று கடுகடுத்தால் நான் பதில் சொல்வதில்லை, வாயில் ஒரு துண்டு கடலை மிட்டாயைத் திணித்துவிடுவேன். பத்து நிமிஷத்தில் மனுஷன் பாட்டுப் பாட ஆரம்பித்துவிடுவான்.

கடலை மிட்டாய் என்றால் கோவில்பட்டிதான். 2020-இல் புவிசார் குறியீடு வந்ததற்கு முன்பும் அதுதான், பின்பும் அதுதான். வேர்க்கடலையில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு, கால்வாசி புரதம். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தருகிற இடத்தில் கொழுப்பு 9 தருகிறது. 100 கிராம் கடலையில் 560 கலோரிக்கு மேலே இருக்கிறது என்பதை, தோளில் சுமந்து ஏறுகிறவரின் கண்ணால் பார்க்க வேண்டும். குறைந்த எடை, நிறைந்த சத்து. உடனே ஏறுவதற்கு வெல்லம், நின்று எரிவதற்குக் கடலை. சாக்லேட் பிரியர்கள் என்னை அடிக்க வரலாம். ஆனால் ஏப்ரல் மாதம் காந்திபுரத்தில் பஸ் ஏறி பூண்டியில் இறங்குவதற்குள் சாக்லேட் குழம்பாகியிருக்கும். கடலை மிட்டாய்க்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஈரக்காற்றில் மட்டும் கொஞ்சம் பிசுபிசுக்கும். டப்பா மூடி இறுக்கமாக இருந்தால் அதுவும் கிடையாது.

இனிப்பும் மலையும் எல்லா ஊரிலும் கூட்டாளிகள்தான். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் ஹிலாரியும் டென்சிங்கும் கொறித்தது கெண்டல் மின்ட் கேக் எனும் இங்கிலாந்து மிட்டாய். சர்க்கரையும் குளுக்கோஸும் புதினா எண்ணெயும் சேர்ந்த வில்லை, அவ்வளவுதான். நம் கமர்கட்டு அதனோடு ஒரே பந்தியில் கூசாமல் உட்காரலாம். எனக்கு அதைவிடப் பிடித்த செய்தி வேறு. டென்சிங் தன் பையிலிருந்து சாக்லேட், பிஸ்கட், மிட்டாய் எடுத்து உச்சிப் பனியில் குழி தோண்டிப் படையலாகப் புதைத்தார். உச்சிக்குப் போனதும் தின்பண்டத்தைத் தெய்வத்துக்கு நீட்டத் தோன்றிய அந்த மனிதரை வெள்ளியங்கிரிக்காரர்கள் யாரும் அந்நியராக நினைக்கமாட்டார்கள். அவருடைய இனத்தவரின் மலை உணவான சாம்பாவும் வறுத்த பார்லி மாவுதான். வெண்ணெயும் தேநீரும் விட்டுப் பிசைந்து உருட்டிச் சாப்பிடுவார்கள். வறுத்த மாவில் உருண்டை! இமயமலையில் வாழ்கிறவர்களும் எங்கள் அம்மாயியும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் நான் மறுத்துப் பேச யார்?

இனிப்பையே தின்றுகொண்டிருந்தால் நான்காவது மலையில் நாக்கு மரத்துப்போகும். அப்போது வேண்டியது உப்பு. வியர்வையோடு நீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து அதை ஈடுகட்டப் பார்த்தால் ரத்தத்தில் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். தலை சுற்றல், குமட்டல் எல்லாம் வரும். இதற்கு என் மருந்து உப்பு நெல்லிக்காய். நான்கைந்து கிடந்தால் போதும். கடித்ததும் உப்பு, பிறகு புளிப்பு, பிறகு துவர்ப்பு, அதன்மேல் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் சுனைத் தண்ணீரே தேனாகிவிடும்! வழியில் வரும் பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்து, நெல்லிக்காயைக் கடித்த வாயோடு குடித்துப் பாருங்கள். எத்தனை காசு கொடுத்தாலும் எந்த ஓட்டலிலும் அந்தப் பானம் கிடைக்காது. உப்புக்கடலையும் கொஞ்சம் கொண்டுபோவேன். கிளிமூக்கு மாங்காய் சீசனும் மலைச் சீசனும் ஒன்றாக வருவது நாம் செய்த புண்ணியம். உப்பு மிளகாய்ப்பொடி ஒரு சிறு பொட்டலம் இருந்தால் போதும், மாங்காயை ஒரு பாறையில் மோதிப் பிளந்துகொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. லிட்டர் ஒரு கிலோ. எல்லாத் தண்ணீரையும் கீழிருந்தே சுமக்காதீர்கள்; வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று ஊற்றுகள் இருக்கின்றன. கடைசி ஏற்றத்துக்கு முன்னால் ஆண்டிச் சுனை. ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு. அதன் அளவு எனக்கு வேதம்: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கச் சொல்லும் அதே கரைசல்தான். சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும்போது தண்ணீரும் அவற்றோடு சேர்ந்து உள்ளே இழுபடுகிறது; அதனால்தான் இது சட்டென்று தெம்பு தருகிறது. அதில் எலுமிச்சை பிழிவது மருந்துக்காக அல்ல, மனசுக்காக. சீசனில் வழியில் போட்டிருக்கும் கடைகளில் சுக்குக் காப்பி கிடைத்தால் விடாதீர்கள். குளிரில் அந்த டம்ளரைப் பிடித்திருக்கும் கைக்கே முதல் பலன்.

பழத்தில் நேந்திரம். பூவனும் கதலியும் பைக்குள் நசுங்கிச் சட்டையெல்லாம் ஆகிவிடும். நேந்திரத்தின் தோல் தடிமன், சதை கெட்டி. இரண்டு பழம் ஒரு சிற்றுண்டிக்குச் சமம். தொண்டாமுத்தூர்ப் பக்கமே விளைவது வேறு. பேரீச்சையும் நல்லதுதான், குறையில்லை. ஆரஞ்சு எடை அதிகம், ஆனால் உச்சிக் காற்றில் ஒருவர் அதை உரித்தால் சுற்றிலும் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மணத்துக்காகவே ஒன்று எடுத்துப்போவேன்.

இனி, ராஜபோஜனம். ஏழாவது மலையில் சூரியன் எழுந்து, தரிசனம் முடிந்து, ஆறாவது மலைக்கு இறங்கி வந்து, ஆண்டிச் சுனையின் பனிக்கட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, நடுநடுங்கிக்கொண்டு உட்காரும்போது திறக்க வேண்டியது புளிச்சாதப் பொட்டலம். அதற்கு முன்னால் திறந்தால் அது வெறும் சாப்பாடு. அங்கே திறந்தால்... சொல்லத் தெரியவில்லை, போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள்! வாட்டிய இலையின் வாசமும் நல்லெண்ணெயும் வெந்தயப்பொடியும் ராத்திரி முழுக்க ஒன்றுக்குள் ஒன்று ஊறி, சோறு ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஊறிய கடலை பல்லுக்கு இதமாக, நடுவில் ஒரு வறுத்த மிளகாய். குளிரில் மரத்துப்போன நாக்குக்குப் புளிப்பைப் போல உயிர் கொடுப்பது வேறில்லை.

புளிச்சாதத்தைக் கட்டுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு முழுக்க ஆறவிட வேண்டும். அரிசியில் இருக்கும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சூட்டோடு மூடி வைத்தால் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகிவிடும். ஆறிய பிறகு புளிக்காய்ச்சல் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக் கிளறினால் புளியின் அமிலம் அவற்றை அடக்கி வைக்கும். இலையைத் தணலில் காட்டி வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. மேலே ஒரு சுற்று செய்தித்தாள், வாழைநார்க் கட்டு, முடிந்தது. சாப்பிட்ட பிறகு கழுவப் பாத்திரம் கிடையாது. இலையை அங்கேயே எறியாமல் பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

தேங்காய்ச் சாதம் வேண்டாம், ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னியின் கதையும் அதுவே. பொடி தடவிய இட்லி அடிவாரத்தில் ஏறுவதற்கு முன் சாப்பிட அருமை. மேலே அது விறைத்துப்போகிறது. தயிர்ச்சாதக் கட்சியினர் பெரிய கட்சி, அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். புளித்தாலும் சாப்பிடுவேன் என்பவர்கள் எடுத்துவரட்டும். பரோட்டா, பிரியாணியை வயிறு முட்டத் தின்றுவிட்டு முதல் படியில் கால் வைப்பவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்குப் பதறும். செரிக்கவும் ரத்தம் வேண்டும், ஏறவும் ரத்தம் வேண்டும், உடம்பு என்ன செய்யும்? இதய நோய், மூச்சுத் தொல்லை, சர்க்கரை உள்ளவர்கள் தீனியை அல்ல, மருத்துவரை முதலில் கேட்டுவிட்டுத்தான் இந்த மலையைப் பற்றியே நினைக்க வேண்டும்.

பை அடுக்குவதில் என் சட்டம் ஒன்றுதான்: நடந்துகொண்டே எடுக்க முடியாதது நடக்கும்போது இல்லாததற்குச் சமம். ஒரு கையில் கம்பு, இன்னொரு கையில் டார்ச். உருண்டைத் துண்டுகளும் கடலை மிட்டாயும் சட்டைப் பையில், துணியில் முடிந்து. நெல்லிக்காய் டப்பா பையின் பக்க அறையில். புளிச்சாதம் முதுகை ஒட்டி அடியில், அதன்மேல் துண்டு, போர்வை. பழம் எல்லாவற்றுக்கும் மேலே. முதல் மலையில் குரங்குகள் இந்த அடுக்கைக் கலைக்கக் காத்திருக்கும், தீனியைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். அடிவாரக் காடு யானைகளின் வீடு. அரிசிக்கும் உப்புக்கும் ஊருக்குள் வந்து போகிற யானைகள் இந்தப் பக்கம் உண்டு. நாம் எறியும் மிச்சம் மீதி அவற்றுக்குக் கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். பழத்தோல்கூட என் பையில்தான் கீழே வரும்.

கணக்குக்கு மேல் எப்போதும் ஒரு கைப்பிடி கூடுதலாக எடுத்துப்போவேன். எனக்கு அல்ல. இந்த மலையில் எல்லாரும் எல்லாருக்கும் 'சாமி'. இருட்டில் முகம் தெரியாது, பக்கத்தில் மூச்சு வாங்கி நிற்பவர் வங்கி மேலாளரா, வாழைக்காய் வியாபாரியா என்று தெரியாது. "ஏனுங் சாமி, உருண்டை ஒண்ணு எடுத்துக்குங்க" என்று நீட்டினால் போதும், பதிலுக்கு ஏதாவது வந்துவிடும். இப்படித்தான் ஒருமுறை ஈரோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மடியிலிருந்து எள்ளுருண்டை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு எள்ளும் கருப்பட்டியும் உரலில் இடித்தது. எண்ணெய் கசிந்து விரலெல்லாம் மினுமினுத்தது. "எங்கூட்ல இடிச்சதுங்க சாமி, கடையில கெடைக்காது" என்று அவர் சொன்ன தோரணை இருக்கிறதே! என் பொருள்விளங்கா உருண்டையை அவர் வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பல்லு இருக்கறப்பவே தின்னுக்கோணும்" என்றார். சிரித்ததில் அந்தக் கொண்டை ஊசி ஏற்றம் முடிந்ததே தெரியவில்லை.

கடைசியாக, இறக்கம். ஏறும்போது எல்லாரும் தீனியைப் பற்றி யோசிப்பார்கள், இறங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. ஆனால் முழங்கால் நடுங்குவது அப்போதுதான், வெயில் மண்டையைப் பிளப்பது அப்போதுதான், முதல் மலையின் படிகள் ராத்திரி இருந்ததைவிட எண்ணிக்கையில் கூடிவிட்டதாகத் தோன்றுவதும் அப்போதுதான். முதல் மலையின் முடிவில் இருக்கும் வெள்ளை விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அந்தப் படிகளில் இறங்கத் தொடங்குமுன் தின்பதற்கென்று ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாயும், அரை பாட்டில் எலுமிச்சைத் தண்ணீரும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கூட வருகிறவர்களில் அதை ஐந்தாவது மலையிலேயே தீர்த்துவிடக்கூடிய ஆள் யாரென்று உங்களுக்கே தெரியும். பையை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.